பானரில் இருந்தது ரெஜினா அக்கா இல்லை

செய்தி எனக்கு மதிய ஷிப்டுக்காக ஹெப்பாளுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் வந்தது. எங்கள் சர்ச் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் பெயர்கூட இல்லாமல் ஒரு படம். அது முழுதாக இறங்குவதற்குள் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். படத்தில் நர்ஸ் தொப்பி போட்ட இளம்பெண். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். ரெஜினா அக்காவின் தங்கை லில்லி. குண்டலுபேட்டையில் இருக்கும் லில்லிக்கு என்ன ஆயிற்றோ என்று பதறி, ஆறுதல் சொல்ல அக்காவுக்குப் போன் போட்டேன். எடுத்தது லில்லி.

"நான் இருக்கேன் மேரி. அக்காதான் போயிட்டா. காலையில நெஞ்சு வலின்னு எனக்குப் போன் பண்ணிட்டு உக்காந்தவ எந்திரிக்கல. இப்பதான் வந்து சேர்ந்தேன்."

யாருக்காக அழ ஆரம்பித்தேனோ, அவளே எனக்குத் துக்கம் சொன்னாள். என் முதல் கண்ணீரைத் தவறான ஆளுக்குச் சிந்த வைத்தவர்களை நான் மன்னிப்பதாக இல்லை. நினைவஞ்சலியைக் கனிவாக எழுத வேண்டும் என்பார்கள். அக்காவுடன் ஒரு தடவையாவது சண்டை போட்ட உங்களுக்குத் தெரியும், கனிவுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆகவே கோபமாகவே எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்று விஜயநகரில் தனியாக இருந்த அக்கா, பங்கின் பொன்விழா மலருக்காகத் தன் ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் குடும்பங்கள் பழைய போட்டோக்களைக் கொண்டுவரும். நாங்கள் இருவரும் கண்ணாடியின் மேல் நாலைந்து படங்களைச் சேர்த்து வைத்து ஒரே தடவையில் ஸ்கேன் எடுப்போம். பிறகு கம்ப்யூட்டர் ஒவ்வொரு படத்தையும் தனித்தனி ஃபைலாகப் பிரித்துக் கொடுக்கும். கேட்பதற்குச் சுலபமான வேலைதான்.

முதல் வாரமே அது ஒரு பிள்ளையை இரண்டாக வெட்டியது. முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கிய சிறுமி, வெள்ளைக் கவுனில், வெள்ளைச் சுவர் ஓரம் நிற்கும் படம். தலைமுடி ஒரு ஃபைலில் வந்தது, கறுப்பு ஷூ இன்னொரு ஃபைலில் வந்தது, நடுவில் பிள்ளையைக் காணோம். நான் சிரித்துவிட்டேன். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "பெத்தவ பார்த்தா என்ன ஆவா? புள்ளைய ரெண்டா வெட்டிட்டு ஆட்டோமேட்டிக்னு பேரு வெச்சிருக்கான்" என்று கத்தினார். அடுத்த வாரம் கிழிந்த குடை ஒன்றின் கறுப்புத் துணியைப் பிரித்து எடுத்து வந்தார். ஸ்கேனரின் வெள்ளை மூடியைச் சாத்தாமல் படங்களின் மேல் அந்தத் துணியைப் போர்த்தி ஸ்கேன் எடுத்தோம். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் வெட்டுப்படவில்லை.

அவர் போட்ட சட்டம் ஒன்று: "ஒரு கண்ணாடி, ஒரு வீடு." இரண்டு வீட்டுப் படங்கள் ஒன்றாகக் கண்ணாடியில் ஏறக் கூடாது. மூலையில் ஒரு துண்டுச் சீட்டு வைப்பார். எந்த வீடு, படத்தில் யார் யார் என்று அதில் எழுதியிருக்கும். "மெஷினுக்கு ஓரந்தான் தெரியும் மேரி. யாரு யாருக்கு என்ன வேணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்பார். வரிசை நீண்டு, வெயில் ஏறி, எல்லோரும் முணுமுணுப்பார்கள். அக்கா அசையமாட்டார். எனக்கே பல நாள் எரிச்சலாக இருந்தது.

அந்தச் சீட்டையும் கம்ப்யூட்டர் ஒரு போட்டோ என்று நினைத்துத் தனி ஃபைலாக வெட்டிக் கொடுத்தது. மலர்க்குழுச் செயலாளர் ஒருநாள் உட்கார்ந்து, வெறும் காகிதம் என்று சீட்டுகளையெல்லாம் அழித்தார். முழு ஸ்கேன் பக்கங்களையும் சேர்த்து அழித்தார். மிஞ்சியது முகங்கள் மட்டும். பெயர் இல்லை, வீடு இல்லை, பக்கத்தில் இருந்தவர் யார் என்ற துப்பும் இல்லை.

"ஃபுல் ஷீட்டு எதுக்கு அக்கா? அதான் தனித்தனியா வந்தாச்சே. சும்நே ஜாகா அடைக்குது, கம்ப்யூட்டர்ல எடமே இல்ல" என்றார் அவர், தான் ஏதோ உபகாரம் செய்துவிட்டதைப் போல.

"ஜாகா அடைக்குதா? கல்லறையிலகூட பேரு எழுதித்தான் தம்பி படுக்க வெக்கறோம்" என்றார் அக்கா.

மறுபடியும் ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினார். ஆல்பத்தை இன்னொரு தரம் எடுத்துக் கொடுக்க யாருக்குப் பொறுமை? "அன்னிக்கே குடுத்தாச்சே சிஸ்டர்" என்று வாசலோடு அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் இதைப் படிப்பீர்கள். படியுங்கள்.

செயலாளர் அழிப்பதற்கு முன்பே, எல்லா வீடும் முடிந்து கடைசியாகத்தான் தன் வீட்டுப் படங்களை அவர் கண்ணாடியில் வைத்திருந்தார். இரண்டே படங்கள். தான் நர்ஸ் படிப்பு முடித்த அன்று அக்கா லில்லியோடு ஸ்டூடியோவுக்குப் போயிருக்கிறார். தொப்பியைத் தங்கை விளையாட்டாகத் தலையில் வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டாள். பிறகு கழற்றவே மாட்டேன் என்று அடம். தொப்பிக்குச் சொந்தக்காரி வெறும் தலையோடு உட்கார்ந்து படம் எடுக்க வேண்டியதாயிற்று. "என் மூஞ்சியப் பாரு, அவள அப்பவே கொன்னிருப்பேன்" என்று சொல்லிச் சிரித்தார். லில்லியின் படம் சுருண்டுகொண்டே இருந்ததால் ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்தார். விரலும் ஸ்கேனில் விழுந்துவிட்டது. திரும்ப எடுக்கலாம் என்றேன். "இருக்கட்டும், நம்ம வீடுதானே" என்று அந்த முழுப் பக்கத்தை எனக்கும் அனுப்பி வைத்தார். முதல் சுற்றில் எடுத்தவற்றில் செயலாளர் கை படாமல் தப்பிய பக்கம் அது ஒன்றுதான்.

செய்தி வந்த அன்று பஸ்ஸிலிருந்து பாதியில் இறங்கி, ஆட்டோ பிடித்து விஜயநகருக்குப் போனேன். கேட்டில் கட்டியிருந்தது ஃப்ளெக்ஸ் பானர். ரெஜினா என்று பெயர், லில்லியின் முகம், மேலே சாமந்தி மாலை. போனில் அக்காவின் படம் எத்தனையோ இருந்தும், நர்ஸாகச் சேவை செய்தவருக்கு நர்ஸ் படம்தான் கௌரவம் என்று பொன்விழா ஃபைல்களில் தேடினார்களாம். தொப்பி கண்ணில் பட்டதாம். எடுத்துவிட்டார்களாம். அக்கா எழுதி வைத்த சீட்டு இருந்திருந்தால் எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் இந்தத் தவறைச் செய்திருக்க முடியாது.

பானருக்கு முன்னால் லில்லி நின்றிருந்தாள். தன் முகத்துக்குப் போட்ட மாலையைப் பார்த்துக்கொண்டு.

"மொகம் ஒண்ணு மாதிரித்தானே இருக்கு. சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சிஸ்டர்" என்றார் செயலாளர்.

"அப்போ நான் அட்ஜஸ்ட் பண்ணிச் செத்துடட்டுமா?" என்றாள் லில்லி.

நானும் அவளும் சமையலறைக் கத்திரிக்கோலால் பானரின் கயிற்றை அறுத்தோம். மாலையை மட்டும் எடுத்துப்போய் அக்காவின் காலடியில் வைத்தோம்.

இப்போது முப்பதாம் நாள் பூசைக்குப் படம் வேண்டுமாம். அந்தப் பக்கம் என்னிடம் இருப்பது செயலாளருக்குத் தெரிந்துவிட்டது. "அக்கா மொகத்த மட்டும் க்ராப் பண்ணி அனுப்புங்க. கொஞ்சம் சிரிச்ச மாதிரி வேற இல்லையா?" என்று கேட்டார். இல்லை. தன் தொப்பியைப் பறிகொடுத்த கோபத்தோடு கேமராவை முறைக்கும் அந்த முகம்தான் அக்கா. உங்களுக்குச் சிரித்த முகம் வேண்டுமென்றால் அவர் உயிரோடு இருந்தபோது அவரைச் சிரிக்க விட்டிருக்க வேண்டும்.

முழுப் பக்கத்தையும் பெரிதாக பிரிண்ட் போடக் கொடுத்தேன். கடைக்காரர் திரையைக் காட்டி, ஓரத்தில் ஒரு விரல் வந்திருக்கிறதே, "கட் மாட்லா மேடம்?" என்று கன்னடத்தில் கேட்டார். "பேடா, வெட்டாதீங்க" என்றேன். நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

பூசையன்று அதை நானும் லில்லியும் கொண்டுபோய்ப் பீடத்தின் முன் வைக்கப் போகிறோம். மூலையில் அக்காவின் சீட்டு இருக்கிறது: "இடது லில்லி, வலது நான்." அக்காவிடமிருந்து எனக்கு மிச்சம் இந்த ஒரு பக்கம்தான். வெட்டச் சொல்லி இனி யாரும் என்னைக் கூப்பிட வேண்டாம். தங்கையின் படம் சுருண்டுவிடாமல் அந்த விரல் இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது.