பதினொரு கையெழுத்தும் ஒரு கோல் கீப்பரும்

ராயபுரத்தில் ரயில் பாதையை ஒட்டி ஒரு கல்லூரி மைதானம் இருக்கிறது. புல் என்று சொல்லத்தக்கது இரண்டு கோல் கம்பங்களுக்கும் பின்னால்தான் முளைக்கும், ஏனென்றால் அங்கேதான் யாரும் ஓடுவதில்லை. வாசலுக்கு எதிரே டீக்கடை. ஓர் அரசு அலுவலகத்தின் நிர்வாகப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் கோப்புகளோடு குடும்பம் நடத்தி ஓய்வு பெற்ற நான், காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை அங்கே இருப்பேன். கல்லூரிக் கால்பந்து அணியின் பயிற்சி அந்த நேரத்தில்தான். பயிற்சி உள்ளே நடக்கும், தேர்வுக் குழு வெளியே பெஞ்சில் கூடும். எங்களை யாரும் நியமிக்கவில்லை என்பதைத் தவிர எங்களிடம் ஒரு குறையும் இல்லை.

போன வருடம் எங்கள் முன் இருந்த ஒரே பிரச்சினை, கோலில் யார் நிற்பது என்பது. அணியில் இரண்டு கீப்பர்கள். ஒருவன் நெட்டை, இரண்டாம் வருட மாணவன், கையைத் தூக்கினால் குறுக்குக் கம்பியைத் தொடுவான். சீசன் முழுக்க அவன்தான் ஆடினான். மற்றவன் குட்டை, கடைசி வருடம். உயரத்தில் விட்டதை அவன் கையில் பிடித்தான். பந்து கிடைத்த மறுநொடி, மைதானத்தின் நடுவில் ஓடிக்கொண்டிருப்பவனின் காலடியில் அதை எறிந்து விழ வைப்பான். அவன் நின்றால் எங்கள் தாக்குதல் கோலிலிருந்தே தொடங்கும். ஆனால் அவன் நின்றது மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சுக்குப் பக்கத்தில்தான்.

நெட்டையின் கட்சிக்குத் தலைவர் ஓய்வு பெற்ற கிரேன் ஆபரேட்டர் ஒருவர். உயரத்திலேயே வாழ்ந்தவர் என்பதால் உயரமானவர்கள்மேல் அவருக்கு இயல்பான மரியாதை. குட்டையின் கட்சியில் நானும், வண்ணாரப்பேட்டையில் பாத்திரக் கடை வைத்திருக்கும் பாயும்.

“கீப்பர்னா கோல உடாம இருக்கணும் மாமு. பந்த அழகா எறியறதுக்கு இது இன்னா வாலிபாலா?” என்பார் கிரேன்காரர்.

“ஒன் ஆளு எங்க ஒதைக்கிறான்னு அவனுக்கே தெர்ல. நேத்து ஒதைச்ச பந்து இந்நேரம் எண்ணூர் பஸ்ல ஏறிப் போயிருக்கும்” என்பார் பாய்.

இப்படியே மூன்று மாதம் போயிற்று. ஆட்சேபணைகள் பதிவாயின, தீர்மானம் எதுவும் நிறைவேறவில்லை. நான் வேலை பார்த்த இடத்துக்கும் இதற்கும் டீயின் தரத்தில் மட்டுமே வித்தியாசம்.

இந்த விவாதத்தில் வாயே திறக்காத ஒருவர் எங்களோடு உட்கார்ந்திருப்பார். திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில், டிரெய்லர் லாரிகளில் ஏற்றிய பெட்டிகள் நகராமல் பூட்டும் வேலை அவருக்கு. ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு, வியாசர்பாடியில் இருக்கும் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு டீ குடிப்பார். குட்டை கீப்பர் அவருடைய மகன். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கிரேன்காரர்கூட அவர் இருக்கும்போது குட்டையைத் திட்டுவதில்லை, நெட்டையைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்வார்.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் எங்கள் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. சனிக்கிழமை, எங்கள் மைதானத்திலேயே. ரயில்வே, போலீஸ் போன்ற அரசுத் துறை அணிகளுக்கு ஆள் பிடிக்கிறவர்கள் இறுதி ஆட்டத்துக்கு வருவார்கள். அவர்கள் கண்ணில் பட்டால் தகுதித் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள், தேறினால் வேலை. குட்டைக்கு இது கடைசி வருடத்தின் கடைசி ஆட்டம். ஓரத்தில் நின்று தண்ணீர் கொடுப்பவனை எந்தத் துறையும் கூப்பிட்டதாக நான் எந்தக் கோப்பிலும் படித்ததில்லை.

ஆகவே கல்லூரி முதல்வருக்கு ஒரு மனு போடலாம் என்றேன். யோசனை முழுக்க என்னுடையது. பழியை யாருடனும் பங்கிடப் போவதில்லை.

குட்டையின் அப்பா டீ கிளாஸைக் கீழே வைத்தார். “வேணாம் சார். கோச்சு பாத்துகினுதான் கீறாரு. அவரே செய்வாரு.”

‘பார்த்துக்கொண்டிருக்கிறார்’ என்பதற்குக் கோப்பில் ஒரு மதிப்பும் கிடையாது என்று அவருக்கு விளக்கினேன். அவர் இன்னொரு முறை வேண்டாம் என்று சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்று நான் குறித்துக்கொண்டேன். ராத்திரி முழுக்க இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவரின் மௌனம் வெறும் தூக்கமாகவும் இருக்கலாம் என்று தோன்றவில்லை.

மனு நன்றாக அமைந்தது. பொருள், பார்வை, எண்ணிட்ட ஏழு பத்திகள். பார்வையில் குறிப்பிடக் கடிதம் ஏதும் இல்லாததால் ‘நேரில் கண்ட ஆட்டங்கள்’ என்று எழுதினேன். அடியில் மூன்று பேருக்கு நகல். நகல் போடாத மனு முதல்வர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் படுத்துவிடும். நகல் போட்டால் எழுந்து உட்காரும். இது அனுபவம்.

கையெழுத்து வாங்கப் பெஞ்சில் சுற்றுக்கு விட்டோம். பாய் போட்டார். டீக்கடைக்காரர் போட்டார். பதினோராவதாகத் தாள் கிரேன்காரரிடம் போனது. அவர் எதிர்க்கட்சி. ஆனாலும் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாதிப் பேர் தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர்கள். சுற்றுக்கு வந்த தாளில் கையெழுத்துப் போடாமல் திருப்பித் தருவது, உடன்படாமல் இருப்பதைவிடப் பெரிய குற்றம். அப்படிச் செய்தவனை மறுநாள் யாரும் டீக்குக் கூப்பிட மாட்டார்கள். அதனால் அவர் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். மனசாட்சிக்காக அதன் கீழே, ‘எனக்கு இதில் உடன்பாடு இல்லை’ என்றும் எழுதினார். நான் சிரித்துக்கொண்டே உறையை ஒட்டினேன்.

திங்கட்கிழமை கொடுத்த மனுவுக்கு வியாழக்கிழமை பதில் வந்தது. என் பணிக்காலத்தில் இவ்வளவு வேகமான பதிலை நான் பெற்றதும் இல்லை, கொடுத்ததும் இல்லை. பெஞ்சில் எல்லோருக்கும் உரக்கப் படித்தேன். முதல் பத்தியில் நன்றி. இரண்டாம் பத்தியில், கையெழுத்திட்டவர்களிடையே கருத்து வேறுபாடு காணப்படுவதாலும், மனு பரிசீலனையில் உள்ளதாலும், முடிவு எடுக்கப்படும் வரை தற்போதைய நிலையே நீடிக்கும் என்று இருந்தது. இதுவரை ஆடிவந்த கோல் கீப்பரே சனிக்கிழமை ஆட்டத்தையும் தொடங்க வேண்டும். நகல்: பயிற்சியாளர், தகவலுக்காகவும் செயல்பாட்டுக்காகவும்.

‘தற்போதைய நிலையே நீடிக்கும்’ என்பதை நானே சில நூறு முறை எழுதியிருக்கிறேன். அது வந்து விழும் இடத்தில் எப்படி வலிக்கும் என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது.

பயிற்சி முடிந்ததும் பயிற்சியாளர் கடைக்கு வந்தார். பொறுமையான மனிதர். மனு எழுதியது யார் என்று கேட்டார். பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒற்றுமைக்கு எங்கள் பெஞ்சு பெயர் போனது.

“பைனல்ல அவனத்தான் எறக்கறதுன்னு போன வாரமே முடிவு பண்ணிட்டேன் சார். அவங்கப்பாகிட்டகூடச் சொன்னேன். இப்ப பிரின்சிபல் ஆர்டர் போட்டுட்டாங்க. நான் இன்னா பண்றது?”

அப்பா அன்றும் அங்கேதான் இருந்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டீயை முடித்துவிட்டு, “வரேன் சார்” என்று சொல்லிவிட்டுப் போனார். பாய் மட்டும் மெதுவாகச் சொன்னார்: “நல்லாத்தான் கீது ஒன் இங்கிலீசு படிப்பு.”

வெள்ளிக்கிழமை காலை மனுவைத் திரும்பப் பெறும் கடிதத்தோடு முதல்வர் அறைக்குப் போனேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிதானமாகப் படித்தார்.

“பதினோரு பேர் போட்ட மனுவை ஒருத்தர் எப்படி சார் வாபஸ் வாங்க முடியும்? நீங்க ஆபீஸ்ல இருந்தவர். உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். ஒரு முறை இதே பதிலைச் சொல்லி ஒரு விதவையை மூன்று தடவை நடக்க விட்டிருக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

அன்று முழுக்க அலைந்தேன். பெஞ்சில் எட்டுக் கையெழுத்து உடனே கிடைத்தது. கிரேன்காரர் இதிலும் கையெழுத்துப் போட்டு, இதிலும் உடன்பாடு இல்லை என்று எழுதப் பேனாவைச் சாய்த்தார். பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பேசின் பிரிட்ஜில் ரயில்வே யார்டில் வேலை பார்ப்பவரைத் தேடிப் பிடித்தேன். வள்ளூர் மின்நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் ஒருவருக்காக விம்கோ நகர் வரை மெட்ரோவில் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் தொங்கி, அவர் ஷிப்ட் முடிந்து வெளியே வரும் வரை வாசலில் நின்றேன். என்னோடு சேர்த்துப் பதினொன்று ஆனது. திரும்பி வந்தபோது மணி ஐந்தரை. முதல்வர் அலுவலகத்தை ஐந்து மணிக்கே பூட்டிவிட்டார்கள். கடிதத்தை வாட்ச்மேன் வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை மேலே போகும் என்றார். சரியான நடைமுறைதான்.

வீட்டில் உட்கார்ந்து அந்த உத்தரவை மறுபடியும் படித்தேன். குறை கண்டுபிடிக்க அல்ல, வேறு எதையும் படிக்கப் பிடிக்கவில்லை. அப்போதுதான் கவனித்தேன். நெட்டை ஆட்டத்தைத் தொடங்க வேண்டும் என்று சொன்ன அந்த அம்மா, அவனை எத்தனை நிமிடம் ஆட வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. உத்தரவு எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறு. ஆரம்பத்தைக் கவனமாக எழுதுவார்கள், முடிவை விட்டுவிடுவார்கள்.

பயிற்சியாளருக்குப் போன் செய்தேன். அந்த வரியை மட்டும் இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

“புரிஞ்சுது சார். தொடங்குவான். இத மட்டும் யாருக்கும் நகல் அனுப்பாதீங்க.”

சனிக்கிழமை மாலை நான்கு மணி. வெயில் இறங்கவில்லை. ஷாமியானாவுக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் துறை ஆட்கள் இரண்டு பேர் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல்வரும் அவர்களுக்குப் பக்கத்தில். விசில் ஊதியதும் நெட்டை கோலில் நின்றான். உத்தரவு நிறைவேறியது. இரண்டாவது நிமிடம் எதிரணி உதைத்த பந்து கம்பத்துக்கு அப்பால் போனது. மாற்று ஆட்டக்காரருக்கான பலகையை ஓரத்தில் தூக்கினார்கள். நெட்டை ஓடி வந்தான், குட்டையின் முதுகில் ஓர் அடி கொடுத்து உள்ளே அனுப்பினான். அவனுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அதை அவன் எங்களைவிடச் சீக்கிரம் கணக்குப் பார்த்திருந்தான்.

கிரேன்காரர் எழுந்து நின்று முதல்வரைப் பார்த்தார். அந்த அம்மா கைப்பையிலிருந்து உத்தரவின் நகலை எடுத்துப் படித்துவிட்டு, மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். “சட்டப்படி கரெக்டு” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார் கிரேன்காரர்.

குட்டை மாயம் எதுவும் செய்யவில்லை. பத்தாவது நிமிடம் கார்னரில் வந்த பந்து அவன் விரலுக்கு மேலே ஓர் அங்குலம் தள்ளிப் போய் உள்ளே விழுந்தது. நெட்டை பிடித்திருப்பான். கிரேன்காரர் அதைச் சொல்லாமல் இருக்கப் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. அப்பா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார். அரை மணிக்குப் பின் குட்டை ஒரு பந்தை மார்போடு வாரி எடுத்து, அதே மூச்சில் எறிந்தான். அது மூன்று பேரைத் தாண்டி எங்கள் வலது ஓரக்காரனின் காலடியில் விழுந்தது. நாலே உதையில் கோல். தொப்பிக்காரர்களில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரின் முழங்காலைத் தட்டினார்.

கடைசியில் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். இரண்டாவது கோலுக்கு யார் நின்றிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்பது என் கட்சி. கிரேன்காரர் இதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆட்டம் முடிந்ததும் தொப்பிக்காரர் பயிற்சியாளரிடம் போய் ஏதோ கேட்டார். பயிற்சியாளர் குட்டையைக் கை காட்டினார்.

அடுத்த வாரம் புதன்கிழமை அப்பா டீக்கடைக்கு வந்தபோது கையில் ஒரு படிவம் இருந்தது. தகுதித் தேர்வுக்கான விண்ணப்பம். மகன் தன் பங்கை எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தான். பெற்றோர் விவரத்துக்கான பகுதி மட்டும் காலியாக இருந்தது. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையை நீட்டினேன். இந்த மாதிரிப் படிவத்தைத் தூக்கத்தில்கூட நிரப்புவேன்.

அவர் படிவத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

“பேனா மட்டும் குடு சார். நானே எழுதிக்கிறேன்.”

கொடுத்தேன். அவர் பெஞ்சில் தாளை வைத்து, ஒவ்வோர் எழுத்தாக, பெட்டி பூட்டுகிற மாதிரி அழுத்தி எழுதினார். நிரந்தர முகவரி கேட்ட இடத்தில் யார்டின் முகவரியை எழுதிவிட்டார். நான் பார்த்தேன். பாய் என்னைப் பார்த்தார். அவரே கொஞ்ச நேரம் கழித்துக் கண்டுபிடித்து, அடித்துவிட்டு, பக்கத்தில் வீட்டு முகவரியைச் சின்னதாக எழுதினார். அடித்தல் இருந்தால் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும் என்பது விதி. அவர் போடவில்லை. எனக்கு இன்னொரு டீ சொல்லிவிட்டு, மைதானத்தைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.