சத்தமில்லாமல் தள்ளிய வேன்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். என் எழுத்தைப் பார்த்தால் கோழி கிளறியது மாதிரி இருக்கும். ஆனால் அந்த மழைக்காலைதான் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

அப்போது கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸுக்கு வேன் ஓட்டினேன். விடியுமுன் பசுவந்தனைப் பக்கம் போய், வேலைக்கு வரும் பெண்களை ஏற்றிவர வேண்டும். வீட்டுக்கு வீடு ஒரு ராகத்தில் ஹாரன் அடிப்பேன். கடைசி வீட்டு அக்காவுக்குக் கல்யாண மேளமே வாசிப்பேன். அவர் தினமும் லேட்.

அந்த அக்காவுக்குக் கட்டை அடுக்குகிற வேலை. மரச்சட்டத்தில் குச்சிகளை வரிசையாகச் செருக வேண்டும். ஆபீஸிலேயே வேகமான கை அவருடையது. பிள்ளை பெற்றுத் திரும்பிய பிறகு கை தளர்ந்தது, குச்சிகள் கோணின. இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன், அப்புறம் வேறு ஆள்தான் என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டார். அதற்கும் கேலி செய்தேன், குச்சியெல்லாம் உங்களைப் பார்த்துக் கொட்டாவி விடுதாமே என்று.

ஒருநாள் ஹாரன் கெட்டுப்போனது. அன்றைக்கு அக்கா தூக்குவாளியோடு வாசலிலேயே நின்றார். என் கூட்டாளி ஒருத்தன் மெக்கானிக், அவன் ஹாரனைச் சரிபண்ணிக் கொடுத்தான். மறுநாள் மறுபடியும் லேட். ஏன் என்று கேட்டேன்.

"நீங்க அடிக்க சத்தத்துல பிள்ள முழிச்சிருது தம்பி. அழுத பிள்ளய விட்டுட்டு வந்தா கை ஓட மாட்டேங்கு."

முன்னமே சொல்லக் கூடாதா என்றேன். சொன்னால் வேன் வீட்டுப் பக்கம் வராதோ என்று பயமாம்.

அதிலிருந்து அந்தத் தெருமுனையிலேயே இன்ஜினை அணைத்து, சரிவில் வேனை உருளவிடுவேன். கணக்கப்பிள்ளை சொன்ன அந்த ஒரு வாரத்தின் கடைசி நாளில் மழை. உருண்ட வேன் அவர் வீட்டு முன்னாலேயே கரிசல் சகதியில் புதைந்தது. இன்ஜினை முடுக்கச் சாவியில் கை வைத்தேன். பின்னாலிருந்து ஒரு பெரியம்மா என் தோளைத் தட்டினார்.

"ஏலே, பிள்ள தூங்குதுல்லா. இறங்கு, தள்ளுவோம்."

வாயாடிப் பெண்கள் அத்தனை பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் தள்ளினார்கள். அக்காவும்தான். ஒருத்தி வழுக்கி விழுந்தாள். முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு சிரித்தாள்.

எல்லோருமே லேட். முழங்கால் வரை சகதி. கணக்கப்பிள்ளை கத்தித் தீர்த்தார். சாயங்காலம் அக்காவின் கட்டைகளைத் தூக்கிப் பார்த்தார். ஒரு குச்சிகூடக் கோணவில்லை. திரும்ப வைத்துவிட்டு நகர்ந்தார். அக்கா இடம் அக்காவுக்கே நின்றது.

இதை அந்த மெக்கானிக் கூட்டாளியிடம் வாசித்துக் காட்டினேன். கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்துக் கீழே வைத்தான்.

"அப்பமே சொல்லிருந்தா அந்த ஹாரன நான் சரிபண்ணிருக்கவே மாட்டேம்லே."