பாம்பனில் திருத்திய ஒரு சொல்

பாம்பன் போனது கோயிலுக்கு இல்லை. மரம் நடவும் இல்லை. சுற்றுச்சூழல் சமூகவியல் என்றதும் வீட்டில் அதைத்தான் கேட்கிறார்கள். முதுகலை இரண்டாம் ஆண்டுக் களப்பணி. கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களைப் பார்க்க, போன மாதம் அமாவாசைக்கு மறுநாள் போனேன்.

மதுரையில் காலை 4.30 பேருந்து. பாலத்தில் எல்லோரும் கைபேசியை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார்கள். நான் கேள்விப் படிவங்களை எண்ணினேன். நாற்பது. எட்டரைக்குப் பாம்பன். கரைக்கு 3 கிலோமீட்டர், ஆட்டோ 100 ரூபாய்.

பத்தரைக்குப் பெண்கள் கரையேறினார்கள். விரல்களில் துணிச்சுற்று, இடுப்பில் சொட்டும் பை. அவர்கள் சங்கத் தலைவி செல்வி அக்கா, படிவத்தின் முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

“ஏத்தா, ‘பாசி பறிப்பு’ன்னு போட்டிருக்கியே. நாங்க என்ன வழிப்பறியா பண்றோம்?”

“சங்கிலியப் பத்திரமா பாத்துக்க புள்ள,” என்றார் பக்கத்தில் நின்ற பாத்திமா அக்கா. ஒரே சிரிப்பு.

செல்வி அக்கா சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு கொத்தை எடுத்து நுனியைக் காட்டினார். “பறிச்சா அடியோட வந்துரும், பாறை மொட்டையாயிரும். நாங்க கிள்ளுறோம். அடி இருந்தாத்தான் மறுபடி தழையும். ஏற்கெனவே பாசி அழியுதுன்னு வனத்துறைக்காரக தீவுப் பக்கம் போகாதன்னு திருப்பி அனுப்புறாக. அடுத்த வாரம் ஆபீசருங்க கூட்டம். உன் பேப்பரும் அங்கனதான வருது?”

ஆமாம். எங்கள் கல்லூரி அறிக்கையும் அங்கே வைக்கப்படும்.

அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள். மற்ற நாளில் யாரும் இறங்குவதில்லை. அவர்களே பேசி வைத்த கட்டுப்பாடு. பொதுவளத்தைச் சமூகம் எப்படிக் காக்கிறது என்று ஒரு பருவம் முழுக்கப் படித்தேன். தேர்விலும் எழுதினேன். படிவத்தில் மட்டும் ‘பறிப்பு’ என்று அடித்திருக்கிறேன், யோசிக்காமல்.

போகிறவர்களுக்கு: அமாவாசை, பௌர்ணமி பார்த்துப் போங்கள். செருப்பு தடிமனாக இருக்கட்டும். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கேள்விகளை முதலில் அவர்களிடம் படிக்கக் கொடுங்கள்.

படகு நிழலில் உட்கார்ந்து நாற்பதிலும் அந்தச் சொல்லைக் கோடிட்டு அடித்தேன். ‘கிள்ளுதல்’ என்று எழுதினேன். செல்வி அக்கா ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். இரண்டைத் திருப்பி நீட்டினார்.

“இதுல விட்டுட்ட.”

அந்த இரண்டையும் திருத்தினேன். பிறகு முதல் கேள்வியைக் கேட்டேன்.