சின்னவள் வைத்த ரேடியோ

தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். ஸ்டூல் மேல் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டருக்கு மிச்சத் துணியில் தைத்த ஓர் உறை. பழைய துணிகளைப் பிரித்து அளவு மாற்றித் தைத்துக் கொடுப்பதுதான் அந்த வீட்டுப் பெரியவளின் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெஷினுக்கு ஓய்வு. அன்றைக்கு உறையைக் கழற்றி, கடவுளை நினைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் பொத்தானை அமுக்குவாள். கடவுளை நினைக்காமல் அமுக்கிய நாளில் அது உயிர் பெற்றதாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

அமுக்கியதும் அது மாடி ஏறி வந்த ஆஸ்துமாக்காரர் மாதிரி இரைக்கும். திரையில் வெளிச்சம் வருவதற்குள் அவள் ஒரு சட்டைக்குப் பொத்தான் வைத்து முடித்துவிடுவாள்.

இவ்வளவு பாடும் வேறு ஊரில் தனியாக இருக்கும் தங்கையோடு வீடியோவில் பேசத்தான். சின்னவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. கையால்தான் பேசுவாள். அதுவும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த கைப்பேச்சு இல்லை. அக்காவும் தங்கையும் சின்ன வயதில் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்டது. மீசையை முறுக்கினால் அண்ணன். தலைக்கு மேல் விரல்களைக் கூரை மாதிரி சேர்த்தால் வீடு. காதில் உள்ளங்கையை வைத்தால் சின்னவளின் வீட்டுக்காரர். எந்நேரமும் ரேடியோவும் காதுமாய் இருந்த மனிதர், போன வருஷம் போய்ச் சேர்ந்தார். அண்ணன் இளம் வயதிலேயே வெளியூர் வேலைக்குப் போய்விட்டதால் இந்தப் பேச்சு அவருக்குப் பாதிதான் புரியும். மீதியைப் பெரியவள்தான் எடுத்துச் சொல்லவேண்டும். போன் திரையில் பார்த்தால் கை எது, விரல் எது என்று அவள் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் இந்தக் கிழட்டுப் பெட்டி.

பழைய வீடியோ சேவையில் மூன்று பேரும் மூன்று கட்டத்தில் சமமாக இருந்தார்கள். அதை மூடிவிட்டார்கள். 'உங்கள் வசதிக்காக மாறுகிறோம்' என்று ஓர் அறிவிப்பு வந்தது. வசதி வேண்டும் என்று இவள் யாரிடமும் கேட்கவில்லை. புதுச் சேவையில் பேசுகிறவர் திரை முழுக்க வருவார். மற்றவர்கள் மூலையில் நகத்தளவு கிடப்பார்கள். அண்ணன் பேசினால் அண்ணன். தொண்டையைச் செருமினாலும் அண்ணன். சின்னவள் மட்டும் ஒருநாளும் பெரிதாவதில்லை.

ரிப்பேர்காரரை அழைத்துக் காட்டினாள்.

"குரல் வர்ற இடத்தைத்தான் பெருசா காட்டும்மா. நாய் குலைச்சா, மிக்ஸி ஓடினா எல்லாத்தையும் வடிகட்டிடும். ரொம்ப நல்ல சேவை."

"குரலே இல்லாதவங்களை?"

அவர் தலையைச் சொறிந்தார். "அதுக்கு ஒரு பட்டன் இருக்கு. ஆனா உங்க பெட்டில அது வராது. இது இனிமே அப்டேட்டும் ஆகாது. தூக்கிப்போட மனசு வரலைன்னா கும்பிட்டுக்கிட்டே இருங்க."

"அதைத்தான் பண்ணிக்கிட்டிருக்கேன் தம்பி" என்றாள்.

அடுத்த ஞாயிறு அண்ணன் திரையில் வந்ததும் வராததுமாக ஆரம்பித்தார்.

"வண்டி சொல்லிட்டேன். இந்த வாரம் ஆளுங்க போய்ச் சின்னவ வீட்டுச் சாமானையெல்லாம் ஏத்திடுவாங்க. வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்து இருக்கட்டும். தனி பொம்பளை, கதவைத் தட்டினாக்கூடத் தெரியாது அவளுக்கு."

"அவகிட்ட கேட்டீங்களா அண்ணே?"

"போன வாரமே கையைக் காட்டிச் சொன்னேனே! அவ ஒண்ணும் சொல்லலை. சம்மதம்னுதானே அர்த்தம்?"

பெரியவளுக்கு இப்போது உறைத்தது. போன வாரம் மூலையில் அந்த நகத்தளவுக் கட்டத்துக்குள் கைகள் ஆடிக்கொண்டேதான் இருந்தன. ஏதோ ஊர்க்கதை சொல்கிறாள், அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று இவள்தான் விட்டுவிட்டாள். இப்போதும் அந்தக் கைகள் ஆடுகின்றன. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். ஈ பறக்கிற மாதிரி இருந்தது.

தான் தங்கையின் திரையில் பெரிதாகத் தெரியவேண்டுமே என்று, வாய்விட்டு ஜெபம் சொல்லிக்கொண்டே கையால் பேசினாள். சத்தம் வரட்டும், தட்டை எடு, கரண்டியால் தட்டு.

"என்ன இது, நான் பேசும்போது பிரார்த்தனை?" என்றார் அண்ணன்.

"கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருங்க அண்ணே. புண்ணியமாப் போகும்."

சின்னவள் தட்டை எடுத்து மாங்கு மாங்கென்று தட்டினாள். கை ஓங்குவது தெரிந்தது. சத்தமும் வரவில்லை, படமும் வளரவில்லை. அப்போதுதான் வடிகட்டுகிற விஷயம் ஞாபகம் வந்தது. மனுஷக் குரல் வேண்டும். அந்த வீட்டில் மனுஷக் குரலுக்கு எங்கே போவது?

பெரியவள் காதில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு ஒரு பெட்டியின் திருகைத் திருகிக் காட்டினாள்.

சின்னவள் தட்டைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து போய், அலமாரியிலிருந்து ரேடியோவைத் தூக்கிவந்து மேஜையில் வைத்தாள். அவர் போன பிறகு யாரும் போடாத ரேடியோ. ஆனாலும் அதில் ஒரு தூசி இல்லை. பிளக்கைச் செருகித் திருகிவிட்டு, அதன் முதுகில் கையை வைத்தாள். அதிர்வு வந்ததும் தலையை ஆட்டினாள்.

யாரோ ஒருவர் மழை வரும் வராது என்று நிதானமாகச் செய்தி வாசித்தார். சின்னவள் திரை முழுக்க வந்தாள்.

"யாரும்மா அது, ஆம்பளைக் குரல்?"

"மாப்பிள்ளையோட ரேடியோ. நீங்க மூச்சு விடாதீங்க, படம் போயிடும்."

கைகள் பேசின. அக்கா கூடவே மெதுவான குரலில் எடுத்துச் சொன்னாள். படம் நழுவினால் நிறுத்திக்கொண்டாள். ரேடியோ அதைத் திரும்பக் கொண்டுவந்தது.

"அண்ணன் நல்லவர்ங்கறா... உங்க வீட்டுக்கு வரமாட்டாளாம். இந்த வீட்டுலதான் அவர் இருந்தாராம். கதவுல கயிறு கட்டியிருக்காளாம், வெளிய இருந்து இழுத்தா ஜன்னல் திரை ஆடுமாம். பக்கத்து வீட்டுக்காரங்க அப்படித்தான் கூப்பிடறாங்களாம். போன வாரமும் இதைத்தான் சொன்னாளாம்... நாம ரெண்டு பேரும் பார்க்கவே இல்லையாம்."

கடைசியை எடுத்துச் சொல்லும்போது பெரியவளுக்குக் குரல் இறங்கிவிட்டது.

அண்ணன் வாயைத் திறக்கவில்லை. திறக்காததால் அவர் மூலையிலேயே நகத்தளவு கிடந்தார். முகம் எப்படி இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"என்ன அண்ணே, ஒண்ணும் சொல்லலை? சம்மதம்னு எடுத்துக்கட்டுமா?"

பெருமூச்சு ஒன்று கேட்டது. அந்தப் பெருமூச்சுக்கே அண்ணன் பெரிதாக வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"வண்டிக்காரன்கிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றவர், மீசையை முறுக்கிக் காட்டிவிட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கோணலாய்ச் சேர்த்தார். நான் அங்கே வருகிறேன் என்று சொல்ல நினைத்தார்போல. சின்னவள் தோள் குலுங்கச் சிரித்தாள்.

எல்லோரும் போன பிறகு திரையில் ஓர் அறிவிப்பு நின்றது. இந்தக் கணினியில் இச்சேவை விரைவில் நிறுத்தப்படும். 'பிறகு நினைவூட்டு' என்று இருந்ததைப் பார்த்து அமுக்கினாள். போன வாரமும் அதைத்தான் அமுக்கினாள்.

கம்ப்யூட்டர் இரைத்து இரைத்து அடங்கும்வரை அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நன்றாகச் சுட்டது. பிறகு உறையை மாட்டினாள்.

"அடுத்த ஞாயிறு வரைக்குமாவது தாங்கட்டும் சாமி" என்று முனகிவிட்டு, படுக்கப் போனாள்.