வேறு சீரியலின் மருமகள்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த அந்த அம்மாவுக்குப் பெரிய பொட்டு, மடியில் சாப்பாட்டுப் பை. செல்போனில் சீரியல் பார்த்தபடி அதில் வருபவர்களைச் சத்தமாகத் திட்டிக்கொண்டே வந்தார்.

நான் என் போனில், சீரியல் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் வகைக் கதை ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தேன். குடும்ப சீரியல் ஒன்றின் மருமகள், வேறொரு பேய் சீரியலின் பங்களாவுக்கு வந்துவிடுகிறாள். வீட்டில்கூட யாருக்கும் தெரியாமல் எழுதுவது.

அவர் எட்டிப் படித்துவிட்டார். "இவ வேற சீரியலாச்சே, இங்க எப்படி வந்தா?"

"ஆபீஸ் வேலைங்க" என்று உளறிப் போனைக் கவிழ்த்தேன்.

"நல்லாத்தான் கூட்டியாந்திருக்க. மாமியாகிட்டருந்து தப்பிச்சாளேன்னு பாத்தா, பேய் வீட்டுலயும் அடுப்படியில நின்னு அழுவுறாளே!"

சிதம்பரத்தில் இறங்கிப் போய்விட்டார். இந்த வயதில் இதையெல்லாம் எழுதுகிறேனே என்றுதான் அதுவரை கூசியிருந்தேன். இப்போது அந்த மருமகளின் முகத்தைப் பார்க்கத்தான் கூசுகிறது.