மோதிரத்தில் சுற்றிய திரிநூல்

இன்று நாரணாபுரம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பட்டாசு கம்பெனிப் பெண் என் விரலையே பார்த்தாள்.

"ஏன் டீச்சர், ரெண்டு மோதிரத்தையும் ஒரே விரல்ல போட்டிருக்கீக? ஒரசி ஒரசி ஒன்னு கம்பியாட்டம் மெலிஞ்சிருச்சே!"

மெலிந்தது நிச்சயதார்த்த மோதிரம். தேய்த்தது கல்யாண மோதிரம். எதைக் கழற்றினாலும் என் கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

அவள் மடியிலிருந்து பட்டாசுக்கான திரிநூலை எடுத்து, மெலிந்த மோதிரத்தில் நெருக்கமாகச் சுற்றிவிட்டாள். இனி உரசாது.

"தீப்பிடிக்காதாம்மா?"

"மருந்து தோய்க்காத நூலுதான் டீச்சர், பயப்படாதீக."

வீட்டுக்கு வந்து அவரிடம், விரலில் பட்டாசுத் திரி இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

இப்போது ரேடியோச் செய்தியையும் விட்டுவிட்டு, என்னை நெருப்புப் பக்கமே விடாமல் அவரே விறகடுப்பை ஊதிக்கொண்டிருக்கிறார்.

நூலில் மருந்து இல்லாத விஷயத்தை யாரும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.