காறப்பொடிக்கு இங்கிலீஷில் என்ன?

திண்டிவனத்தில் மாதம் ஒரு ஞாயிறு, பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதுகிறவர்களுக்காகக் கூட்டம் நடத்துகிறேன். ஒரு டியூஷன் சென்டரின் மாடியறைதான் இடம். "இதெல்லாம் மெட்ராஸ்ல நடத்த வேண்டியதுங்க" என்று என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு.

ஒருமுறை சென்னையிலிருந்து ஒருவரைப் பேச அழைத்திருந்தேன். அவர் பேசி முடித்ததும், மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வரும் பெண் எழுந்தாள். மீன் விற்கும் அம்மாவின் போனுக்கு அன்றாட விலையை அனுப்ப அவள் ஒரு நிரல் எழுதியிருந்தாள். அதில் மீன்களின் தமிழ்ப் பெயர்கள் மட்டும் புரியாத குறிகளாக வந்துகொண்டிருந்தன.

"பேரையெல்லாம் இங்கிலீஷ்ல மாத்திடும்மா. கேள்வியையும் இங்கிலீஷ்லயே கேட்டுப் பழகு" என்றார் அவர்.

"காறப்பொடி மீனுக்கு இங்கிலீஷ்ல என்னங்க சார்?"

அவள் நிஜமாகத்தான் கேட்டாள். அறையே சிரித்துவிட்டது. அவர் முகம் சுருங்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது.

"பேரை மாத்த மாட்டோம் சார். தப்பு பேர்ல இல்ல, நிரல்ல இருக்குது. அதைச் சரி பண்ணிட்டுதான் சாப்பிடப் போறோம்" என்றேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் கிளம்பிவிட்டார். நாங்கள் அவளுடைய லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். விலைப்பட்டியல் கோப்பைத் திறக்கும் வரியில், தமிழ் எழுத்தைச் சரியாகப் படிக்கச் சொல்லும் யூடிஎஃப்-8 என்ற குறிப்பைச் சேர்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். வஞ்சிரமும் காறப்பொடியும் தமிழிலேயே திரையில் வந்தன.

அவர் மறுபடி வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. கூட்டம் இங்கேதான் நடக்கிறது, தமிழில்தான் நடக்கிறது. போன மாதம் பேசியது அந்தப் பெண்.